எறும்புக்கு வந்த கார்டுகள்

என் மனைவிக்கு முதல் கார்டு பிரேசிலிலிருந்து வந்தது. தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அதிலிருந்த ஆங்கிலம் அவருக்குப் புரிந்திருக்காது; ஸ்டாம்பில் இருந்த பறவை புரிந்திருக்கும். "மேடத்துக்கு வெளிநாட்டுக் கார்டுங்க சார்" என்று என்னிடம் நீட்டினார். கை ஈரமாக இருக்கிறது, மேசைமேல் வைத்துவிடுங்கள் என்றேன். கை ஈரமாக இல்லை.

அந்தக் கார்டு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரும் பத்திரிகைகளைப் பெரிய நூலகங்கள் மட்டுமே வாங்கும். மற்றவர்களுக்குத் தலைப்பும் எழுதியவர் விலாசமும் அடங்கிய பட்டியல்தான் கிடைக்கும். பட்டியலில் ஒரு தலைப்பைப் பார்த்து ஆசைப்பட்டவர், எழுதியவருக்கே ஒரு கார்டு போடுவார். ‘உங்கள் இன்ன கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்’ என்று அச்சடித்த கார்டு. தலைப்புக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். எழுதியவரிடம் அந்தக் கட்டுரையை மட்டும் தனியாகத் தைத்த பிரதிகள் ஒரு கட்டு இருக்கும். ரீப்ரிண்ட் என்போம். பத்திரிகைக்காரர்கள் சும்மா கொடுப்பது. கேட்டவருக்கு அதை நாமும் சும்மா அனுப்ப வேண்டும். முகம் தெரியாது, நாடு தெரியாது, கேட்டால் கொடுப்பதுதான் முறை.

கார்டு வந்தால்தான் நாம் எழுதியதை உலகத்தில் ஒருவர் படிக்க விரும்புகிறார் என்று அர்த்தம். வராவிட்டால் அதன் அர்த்தத்தையும் நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒரு கார்டு வர வேண்டும் என்பதுதான் அந்த வருடங்களில் என் ஆசை. சம்பள உயர்வு, பதவி, சொந்த வீடு எல்லாம் அதற்கு அப்புறம்.

நாங்கள் இருவரும் கீழே சமவெளியில் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே காலத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தவர்கள். என் ஊர் குப்பனூர், மலையின் அடிவாரம். அவள் ஏற்காட்டிலேயே பிறந்தவள். அவள் வீட்டில் எல்லோரும் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். நான் எடுத்துக்கொண்டது சேர்வராயன் மலையில் ஆரஞ்சு மரங்கள் ஏன் பட்டுப்போகின்றன என்ற கேள்வி. அவள் எடுத்துக்கொண்டது காப்பித் தோட்டத்து எறும்புகள். எந்த எறும்பு எந்த மரத்தில் கூடு கட்டுகிறது, எது மாவுப்பூச்சியை மேய்க்கிறது, எது மற்றப் பூச்சிகளைத் தின்கிறது என்று பார்த்து எழுதுவது. ஒரு மலையே ஆரஞ்சை இழந்துகொண்டிருக்கும்போது இவள் எறும்பின் பின்னால் குனிந்து நடக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவளிடம் சொல்லியும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்பு எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. பட்டம் வாங்கியவருடைய தீசிஸை, அதாவது ஆய்வேட்டை, நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். யாராவது படிக்க வேண்டுமென்றால் அந்த மாணவருக்கு வழிகாட்டிய பேராசிரியர், கைடு என்போம், கையெழுத்துப் போட வேண்டும். துறைத் தலைவரும் போட வேண்டும். பார்த்து எழுதிக்கொள்ளலாம், நகல் எடுக்கக் கூடாது. திருடிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். ஆனால் வெளியே சொல்லும்போது மரியாதை என்பார்கள். பூட்டிய ஏடு உசத்தி, பூட்டாத ஏடு சந்தைச் சரக்கு என்று எல்லோரும் நம்பினோம். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு கிறுக்குத்தனம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

என் கைடு கறாரான மனிதர். கறுப்பு அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த என் தீசிஸை அவரே கொண்டுபோய் அலமாரியில் வைத்து, நூலகர் பூட்டும்வரை பக்கத்தில் நின்றார். "இனி இதுல ஒருத்தன் கை படாது" என்றார். எனக்குப் புல்லரித்தது. என் மனைவியின் கைடு நேர்மாறானவர். எந்தக் காகிதத்திலும் காலத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. பூட்டுவதற்கான படிவம் அவர் மேசையில் எங்கோ புதைந்து போயிற்று. படிவம் வராததால் நூலக ஊழியர் அவள் ஏட்டை யாரும் எடுத்துப் படிக்கும் திறந்த ரேக்கில் செருகிவிட்டார். அவள் முகம் வாடிப்போனது. பரவாயில்லை, எறும்புதானே, யார் திருடப் போகிறார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன். அன்றைக்கு நான் எவ்வளவு பெருந்தன்மையாக இருந்தேன் என்பதை இப்போதும் நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு அப்படி இருக்க வாய்ப்பே வரவில்லை.

கல்யாணமாகி, இருவருக்கும் ஏற்காட்டில் அதே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை கிடைத்தது. எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. அவளுடைய கைடு, எறும்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதி எங்கே வேண்டுமானாலும் அனுப்பிக்கொள் என்று விட்டுவிட்டார். அவள் எழுதினாள், அச்சாயிற்று. என் கைடு, ஆரஞ்சுக் கட்டுரையைத் தானே எழுதித் தன் பெயரை முதலில் போட்டு வெளியிடுவதாகச் சொன்னார். அதுவரை வெளியே வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். அவர் எழுதவே இல்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்பார்.

பிரேசிலுக்குப் பிறகு ஜெர்மனி வந்தது, போலந்து வந்தது, மலேசியா வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து நான் பெயரே கேட்டிராத ஓர் ஊர் வந்தது. எறும்பு இல்லாத நாடு உலகத்தில் இல்லை என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஆரஞ்சு அப்படியில்லை. போலந்துக்காரன் ஏன் ஆரஞ்சைப் பற்றிக் கவலைப்படப் போகிறான்?

அவள் முதலில் கார்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். டப்பா நிறைந்ததும் நூலில் கோத்துச் சமையலறை நிலைப்படியில் தோரணமாகக் கட்டினாள். ஈரக் காற்றில் டப்பாவுக்குள் பூஞ்சணம் பிடிக்கிறதாம். நான் உயரமானவன், காப்பி குடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கார்டுகளுக்குக் கீழே தலையைக் குனிந்துதான் போக வேண்டும். அவள் அதை யோசித்துச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். சில நாள் யோசித்துத்தான் செய்தாள் என்றும் நினைத்திருக்கிறேன்.

சர்ச் முடிந்து வெளியே நிற்கும்போது, அவளுக்குப் பாடம் சொன்ன பழைய தலைமையாசிரியை அவள் கன்னத்தைத் தடவி, "எந்த நாட்ல இருந்து வந்துச்சு கண்ணு இந்த வாரம்?" என்று கேட்பார். பிறகு மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று கேட்பார். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். ஒவ்வொரு ஞாயிறும் ஆரஞ்சு என்பேன். பாவம், ஆரஞ்செல்லாம் போய்விட்டதே என்பார். பஜாரில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. ‘எறும்பு மேடத்து ஊட்டுக்காரர்’ என்றுதான் என்னை அடையாளம் சொன்னார்கள்.

பொறாமை என்றால் லேசாக நெஞ்சில் ஒரு குறுகுறுப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு வயிறே எரிந்தது. பஸ் மலையேறி வரும் சத்தம் கேட்டால் தபால் பை வருகிறது என்று முதலில் மனம் துள்ளும். பிறகு, யாருக்கு என்று நினைவு வரும். அவள் ரீப்ரிண்டைப் பழுப்புத்தாளில் சுற்றிக் கோந்து தடவி, விலாசம் எழுதி, கடல் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தனுப்புவாள். நானும் தபாலாபீஸ் வரை நடந்துபோய்ச் சேர்த்துவிட்டு வருவேன். வழியில் ஏரியில் போட்டுவிடலாமா என்று நினைத்ததுண்டு. போட்டதில்லை. அதை யாரும் பாராட்டியதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்துக்குக் கூட்டத்துக்காகப் போவேன். போனால் நேராக நூலகம்தான். அவளுடைய எறும்பு ஏடு ரேக்கில் கிடக்கும். முனையெல்லாம் மடிந்து, முதுகு பிய்ந்து, துணிப்பட்டை ஒட்டி, மறுபடி பிய்ந்திருக்கும். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள். ஓரிடத்தில் டீக்கறை. ஓர் எறும்புப் படத்துக்கு எவனோ மீசை வரைந்திருந்தான். என்னுடையது கண்ணாடிக்குப் பின்னால் தங்க எழுத்துக் கலையாமல் புத்தம் புதிதாக இருந்தது. அந்த அழுக்கைப் பார்த்து நான் ஏங்கினேன். எனக்கும் ஒருவன் மீசை வரைய மாட்டானா என்றிருந்தது.

ஒருமுறை என் ஏட்டில் ஓர் அட்டவணையைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. என் கையிலிருந்த பிரதியில் அந்தப் பக்கத்தை ஏற்காட்டுப் பூச்சி தின்றுவிட்டது. நூலகரிடம் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். கைடு கையெழுத்து எங்கே என்றார்.

"எழுதுனவனே நான்தானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க சார். இருந்தாலும் கையெழுத்து இருக்கோணுமில்லீங்களா" என்றார் பணிவாக.

என் கைடு அன்று டெல்லிக்குப் போயிருந்தார். நான் எழுதியதை நானே படிக்க முடியாமல் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோருக்கும் தலை சுற்றும். எனக்கு அன்று சேலத்திலேயே சுற்றிவிட்டது.

இதில் என் பொறாமையைத் தாண்டி ஒரு விஷயம் இருந்தது. ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போவதற்குப் பல காரணம் சொல்வார்கள்: மண், மழை, வேர்ப்புழு, காப்பிக்குக் கொத்தும்போது வேர் அறுபடுவது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் நான் கண்டது, கீழேயிருந்து லாரியில் வந்து விற்ற ஒட்டுக் கன்றுகளிலேயே நோய் இருந்தது என்பது. நோயுள்ள மரத்திலிருந்து மொட்டெடுத்து ஒட்டினால் கன்றும் நோயோடுதான் வரும். நாலைந்து வருடம் செழிப்பாக வளர்ந்து, காய்க்கிற நேரத்தில் காயத் தொடங்கும். செத்த குழியில் மறுபடி அதே கன்றை வாங்கி நட்டால் மறுபடியும் சாகும்.

வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கைடு சொன்னதை மீறி, சொல்லவும் செய்தேன். மஞ்சக்குட்டையில் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் சொன்னேன். கன்று விற்பவர் அங்கேயே இருந்தார். "எதுல போட்டிருக்குதுங்க சார்? காட்டுங்க பார்க்கலாம்" என்றார். பூச்சி தின்ற என் கைப்பிரதி செல்லாது, பூட்டிய புத்தகத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடமும் லாரி வந்தது.

எண்பதுகளின் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குப் புதிய துணைவேந்தர் வந்தார். ஏடுகளைப் பூட்டி வைக்கும் வழக்கத்தை எடுத்துவிடலாமா என்று கருத்துக் கேட்டு ஒரு சுற்றறிக்கை விட்டார். அதைப் பற்றிப் பேச எல்லாப் பண்ணைகளிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் போனோம். மூத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, திறந்துவிட்டால் களவு போகும், தரம் போகும், மானம் போகும் என்றார்கள். முன்வரிசையில் என் கைடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். ஜனங்களின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி ஜனங்களுக்குச் சொந்தம் என்றேன். விவசாயி வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியாத அறிவு எதற்கு என்றேன். பூட்டினால் திருடன் மட்டுமல்ல, உடையவனும் உள்ளே போக முடியாது என்று நூலகத்துக் கதையைச் சொன்னேன். பின்வரிசை இளைஞர்கள் கைதட்டினார்கள். வெளியே வந்தபோது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சார் உங்கள் மனசு யாருக்கும் வராது என்றார். நான் அடக்கமாகத் தலையசைத்தேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். ஆனால் என்னை எழுப்பி நிறுத்தியது ஜனங்கள் அல்ல, சமையலறை நிலைப்படியில் தொங்கிய போலந்து.

அது ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. திரும்பும் பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், அடிவாரம் தாண்டியதும், "ஏனுங்க, இத்தனை நாளா இதையெல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

விதி மாறியது. அலமாரியில் இருந்தவை எல்லாம் ரேக்குக்கு வரும், சம்பந்தப்பட்ட பண்ணைகளுக்கும் ஒரு பிரதி போகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகல் எடுக்கலாம் என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை: பூட்டிலிருந்து வெளியே வரும் ஒவ்வோர் ஏட்டுக்கும் சில பக்கத்தில் தமிழில் சுருக்கம் எழுதித் தர வேண்டும். ஏற்கெனவே ரேக்கில் இருந்தவற்றுக்கு அது பொருந்தாது.

தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தமிழ் மறந்திருந்தது தெரிந்தது. ‘நுனிவழிப் பட்டுப்போதல் அறிகுறியானது’ என்று தொடங்கினேன். காப்பி கொண்டுவந்தவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, இது யாருக்கு என்று கேட்டாள். விவசாயிக்கு என்றேன். அவள் பென்சிலை வாங்கி அதை அடித்துவிட்டு, ‘கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும்’ என்று எழுதினாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் சாயங்காலங்களில் இருவரும் அதைத்தான் செய்தோம். நான் சொல்வேன், அவள் சுருக்குவாள், நான் சண்டை போடுவேன், அவள் எழுதியதே நிற்கும். முடிவுரைக்கு நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டு அவள் ஒரு வரி எழுதினாள்: ‘மரம் உங்கள் கையில் சாகவில்லை, சாவோடுதான் உங்கள் கைக்கு வந்தது.’

ஆராய்ச்சியில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்றேன். சரி, அடித்துவிடுங்கள் என்றாள். நான் அடிக்கவில்லை. நல்ல வரி என்று எனக்குத் தெரிந்தது. அதை நான் எழுதவில்லை என்பதும் உறுத்தியது. எல்லாம் முடிந்ததும், "எறும்புக்கும் இப்படி ஒண்ணு எழுதோணுங்க" என்றாள். விதியில் அது இல்லையே, பூட்டியிருந்தவற்றுக்கு மட்டும்தானே என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

பஜாரில் குடை, டார்ச், பிளாஸ்டிக் வாளி விற்கும் பாய் ஒருவர் அப்போது ஒரு ஜெராக்ஸ் மிஷின் வாங்கியிருந்தார். கரண்ட் இருக்கும்போது மட்டும் அது ஓடும். நான் சுருக்கத்தைக் கொடுத்து ஒரு கட்டு நகல் எடுக்கச் சொன்னேன். பாய் ஒரு பிரதியை க்ளிப்பில் மாட்டிக் குடைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். "தமிழ்ல இருக்குதுங்களே சார், நாலு பேர் படிக்கட்டும்" என்றார்.

நான் காத்திருந்தேன். செக்கோஸ்லோவாகியாவிலிருந்து கார்டு வந்தது, எறும்புக்கு. ஜப்பானிலிருந்து வந்தது, எறும்புக்கு. மழை வந்து போயிற்று. காப்பி பூத்தது. தபால்காரர் என்னைப் பார்த்தால் தானாகவே "மேடத்துக்குங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாள் அவர் அப்படி ஆரம்பிக்கவில்லை. சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கொஞ்சம் சந்தேகமாகவே ஒரு மஞ்சள் கார்டை நீட்டினார். உள்ளூர் அஞ்சலட்டை. ‘ஆரஞ்சு ஆபீசர் அய்யா, பண்ணை ஆபீசு, ஏற்காடு’ என்று விலாசம். "உங்களுக்குத்தானுங்களே சார்?" என்றார். எனக்குத்தான் என்று நான் சொன்ன வேகத்தில் அவர் பயந்துவிட்டார்.

வாசலிலேயே நின்று படித்தேன். எழுதியவர் கரடியூர்க்காரர். பாய் கடையில் குடை வாங்க வந்தபோது அந்தக் காகிதத்தைப் பார்த்ததாகவும், முழுப் புத்தகமும் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார். ‘எங்கள் ஆரஞ்சு மரம் எல்லாம் போய்விட்டது. திரும்பத் திரும்ப நட்டும் போய்விட்டது. இப்போது மரம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஏன் போயிற்று என்று எனக்குத் தெரிய வேண்டும்.’ அவ்வளவுதான்.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கார்டு வந்துவிட்டது என்பது மட்டுமே மண்டையில் ஏறியது. இரண்டாவது தடவைதான் மரம் ஒன்றுகூட இல்லை என்பது ஏறியது. சந்தோஷம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். சந்தோஷமும் இருந்தது, அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் பண்ணையிலிருந்து வந்ததும் கார்டை மேசைமேல் வைத்தேன். எடுத்துப் படித்தாள். திருப்பி விலாசத்தைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. சட்னியிலும் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வேறு எந்த நோயையும் தவறாகக் கண்டுபிடிப்பேன். இந்த நோயை மட்டும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

மறுநாள் காலை, சமையலறை நிலைப்படியில், தன்னுடைய தோரணத்துக்குக் கீழேயே நின்று சொன்னாள்.

"எனக்கு ஒருத்தரும் தமிழ்ல எழுதுனதில்லீங்க."

அந்தக் கார்டுகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. அத்தனை நாட்டுக்காரர்களும் அவள் எறும்பைப் படித்தார்கள். அந்த எறும்பு ஊரும் மரத்தடியில் காப்பிப்பழம் பறிப்பவர் ஒருவர்கூடப் படித்ததில்லை. இத்தனை வருடமாக நான் அந்தத் தோரணத்தைப் பார்த்துப் புழுங்கியிருக்கிறேன்; அதில் தமிழில் ஒரு கார்டு இல்லை என்பதை ஒருநாளும் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். ஜெயித்த சந்தோஷத்தை ஒரு நாளாவது அனுபவிக்க விடக் கூடாதா என்றுதான் எனக்கு இருந்தது.

தபாலில் அனுப்பாமல் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பண்ணைக்கு வந்திருந்த ஏட்டைப் பாய் கடையில் முழுவதும் நகலெடுத்துக்கொண்டேன். தானும் வருவதாகச் சொன்னாள். இருவரும் கரடியூருக்கு ஜீப்பில் போனோம். நெரிசலில் அவள் முன்னாலும் நான் பின்னாலும் உட்கார்ந்திருந்தோம், பேச வேண்டியிருக்கவில்லை.

கார்டு எழுதியவருக்கு நடுத்தர வயது. ஆரஞ்சு நின்ற இடத்தில் இப்போது காப்பியும் அதற்கு நிழலாகச் சில்வர் ஓக் மரங்களும் நின்றன. நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே கேட்டார். நான் படங்களைக் காட்டி, மொட்டிலிருந்து கன்றுக்கும், கன்றிலிருந்து மரத்துக்கும் நோய் வரும் விதத்தைச் சொன்னேன். லாரியில் வந்த கன்றுகளா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பிறகு மெதுவாக, "அப்ப, கொத்துனதுல வேர் அறுந்து போகலீங்களா?" என்று கேட்டார்.

அதனால் மட்டும் மொத்தத் தோட்டமும் போகாது என்றேன்.

அப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். ஆரஞ்சை நட்டது அவர் அப்பா. இவர் பொறுப்பேற்று, இடையில் காப்பி வைக்க மண்ணைக் கொத்திய வருடம்தான் மரங்கள் காயத் தொடங்கின. "நீதான் வேரை அறுத்துக் கொன்னுட்டேன்னு சொல்லிப்போட்டு, அப்பன் கடைசி வரைக்கும் எங்கூடப் பேசலீங்க" என்றார். அப்பா எப்போது காலமானார் என்று கேட்டேன். அவர் சொன்ன வருடத்தில் என் ஏடு கண்ணாடி அலமாரிக்குள் தங்க எழுத்துக் கலையாமல் இருந்தது. நான் கையிலிருந்த நகலை மூடினேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். பாய் கடையில் எடுத்த சுருக்கம். கடைசி வரியில் விரலை வைத்தார். "இதைப் படிச்சப்பறம்தானுங்க உங்களுக்குக் கார்டு போடோணும்னு தோணுச்சு. புத்தகத்துல இருக்கறது எனக்கு எவ்வளவு வெளங்குமோ. இந்த ஒரு வரி நொம்ப நாளைக்குப் போதுமுங்க. இதை எழுதுனது யாருங்க?"

நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்வதற்காகத் திறந்தேன் என்று என்னை நானே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இவள்தான் என்று சொல்லத்தான் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். எதுவாக இருந்தாலும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நான் மூச்சு எடுப்பதற்குள் அவள், ரீப்ரிண்ட் கேட்டவனுக்குக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பதுபோலச் சர்வசாதாரணமாக, "இவுருதானுங்க" என்று என்னைக் காட்டினாள்.

அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என் வாழ்க்கையிலேயே அந்த நிமிடத்தில் பொறாமைப்பட்டதுபோல நான் அவள்மேல் பொறாமைப்பட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் எழுந்து நின்று, அறிவைத் திறந்து கொடுக்க வேண்டும் என்று கைதட்டல் வாங்கியவன் நான். கொடுப்பது என்னவோ அவளுக்குத்தான் வந்தது.

அந்த மஞ்சள் கார்டை நான் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். வீடு மாறியபோது தேடினேன், காணவில்லை. அவளிடம் கேட்டால் தெரியாது என்கிறாள். நான் நம்பவில்லை.